வால் நிமிராது, மூக்கு திரும்பும்

காலை ஐந்தரை மணிக்கு சென்னையில் எந்தக் குடியிருப்புத் தெருவில் வேண்டுமானாலும் நின்று பாருங்கள். நாய் வளர்ப்பவர்கள் வாக்கிங் போவார்கள். இலக்கணப்படி இந்த வாக்கியத்தில் எழுவாய் தப்பு. போவது நாய். வளர்ப்பவர் கூடவே கொண்டுபோகப்படுகிறார். உடம்பு பின்பக்கமாகச் சாய்ந்து, ஒரு செருப்பு அரை அடி பின்தங்கி, வலது கை மட்டும் தோள்பட்டையோடு கோபித்துக்கொண்டு தனியாக முன்னே போய்க்கொண்டிருக்கும். முகத்தில் மாத்திரம் 'எனக்கே இன்று கொஞ்சம் அவசரம்' என்று ஒரு பாவனை. எதிரே இன்னொரு நாய்க்காரர் இதே கோணத்தில் வருவார். இவர் 'குட்...' என்பார். அவர் 'மார்னிங்' சொல்வதற்குள் அடுத்த தெருவில் இருப்பார்.

பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது, யாராவது விழுகிறவரை.

எங்கள் அபார்ட்மென்ட்டில் மூன்றாவது மாடியில் ஒரு ப்ரூனோ. லாப்ரடார், ஆண், வயது மூன்று, எடை 34 கிலோ. வாங்கியது மகன். சோறு போடுவது அம்மா. வாக்கிங் கூட்டிப் போவது ரிடையரான அப்பா. (நாய் இருக்கிற முக்கால்வாசி வீட்டில் இலாகா ஒதுக்கீடு இப்படித்தான். மகனிடம் இருப்பது செய்தித்துறை மட்டும். நாயைப் போட்டோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்புவது.) மகனுக்கு ஓ.எம்.ஆரில் கம்ப்யூட்டர் வேலை. அமெரிக்காக்காரன் விழித்திருக்கும் நேரமெல்லாம் இவனும் விழித்திருக்க வேண்டும். ஆகவே விடியற்காலை ப்ரூனோவும் அறுபத்தெட்டு வயசு அப்பாவும்தான்.

போன ஜனவரியில் ஒருநாள் காலை ரேஷன் கடை முனையில் ஒரு பூனை குறுக்கே போயிற்று. ப்ரூனோ பாய்ந்தது. செயினைக் கையில் இரண்டு சுற்று சுற்றி வைத்திருந்த பெரியவர் பாய வேண்டியதாயிற்று. வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

அன்று சாயங்காலம் பார்க்கப் போனேன். பெரியவர் கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு, "நாய் மேல தப்பில்ல சார். பூனை போச்சு. இது பூனையைப் பார்த்துச்சு. நான் ரெண்டுக்கும் சம்பந்தமில்லாம நடுவுல இருந்தேன்" என்றார். ப்ரூனோ அவர் காலடியில் படுத்து வாலால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

ஆனால் அம்மா முடிவு பண்ணிவிட்டார். செங்கல்பட்டுப் பக்கம் யாரோ தெரிந்தவருக்கு ஃபார்ம் ஹவுஸ். அங்கே கொடுத்துவிடலாம். நிறைய இடம், ஓடி விளையாடும்.

இந்த ஃபார்ம் ஹவுஸ் சமாசாரம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். நம் ஊரில் வேண்டாம் என்று ஆகிவிட்ட நாய்கள் எல்லாம் ஃபார்ம் ஹவுஸுக்குத்தான் போகின்றன. அத்தனை ஃபார்ம் ஹவுஸும் நிஜமாக இருந்தால் செங்கல்பட்டு மாவட்டத்தில் மனுஷர் நடக்க இடம் இருக்காது. போகிற நாய் ஓடி விளையாடுவது முதல் ஞாயிற்றுக்கிழமை மட்டும். அப்புறம் மாமரத்தடியில் ஆறடிச் சங்கிலி. காவல்காரர் நினைவு வந்தால் சோறு. மூன்று வருஷம் ஏ.சி. ரூமில் கட்டிலுக்கடியில் தூங்கின நாய்க்கு அது ஆயுள் தண்டனை. குற்றம், பூனையைப் பார்த்தது.

மகன் கீழே வந்து என்னைப் பிடித்துக்கொண்டான். "அங்கிள், நீங்க ரெண்டு நாய் வளர்த்தவர். ஏதாவது பண்ணுங்க. அம்மாகிட்ட டைம் வாங்கியிருக்கேன். அப்பா கட்டுப் பிரிக்கிற நாள் வரைக்கும்." அம்மாவின் நிபந்தனை எளிமையானது. கட்டுப் பிரித்த மறுநாள் நாய் இழுக்காமல் நடக்க வேண்டும். இழுத்தால் அன்றைக்கே போன்.

நாய் ஏன் இழுக்கிறது? திமிர் என்பது நம் கட்சி. நாய் கட்சியைக் கேட்டால் வேறு மாதிரி இருக்கும். நாலு கால் இருப்பவனுக்கு ரெண்டு கால் இருப்பவனின் நடை தூக்கம் வரவழைக்கும். தவிர, அடுத்த லாம்ப் போஸ்ட்டில் நேற்று ராத்திரி யார் வந்து போனார்கள் என்ற தினசரிப் பேப்பர் இருக்கிறது. அதைப் படிக்கப் போக வேண்டும். இழுக்கிறது, நீங்களும் ஐயோ அப்பா என்று கூடவே போகிறீர்கள், போஸ்ட் வந்துவிடுகிறது. ஆக, இழுத்தால் போஸ்ட் கிடைக்கும் என்று பாடம் நடத்தியவர் செயினின் இந்த முனையில் இருப்பவர். ஒரு நாளைக்கு இருபது தடவை, மூன்று வருஷம்!

அது போகட்டும். இழுக்கிற நாய்க்கு என்ன வழி என்று கடையில் கேட்டால் முதலில் எடுத்துக் காட்டுவது சோக் செயின். இழுக்க இழுக்கக் கழுத்தை இறுக்குகிற சங்கிலி. பேரைத் தமிழில் சொல்லிப் பார்த்தால் யாரும் வாங்க மாட்டார்கள். தூக்குக் கயிறு என்று வரும். உள்பக்கம் ஆணி வைத்த பட்டைகூட விற்கிறார்கள். சாதாரண பெல்ட்டே இழுக்கிற நாய்க்கு நல்லதில்லை. 2006-ல் அமெரிக்கக் கால்நடை மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு பரிசோதனை வெளியானது. கழுத்துப் பட்டையில் நாய் இழுக்கும்போது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் கூடுகிறது. அதே நாய் மார்போடு மாட்டும் பட்டையில் இழுத்தால் கூடுவதில்லை. கண் நீர் அழுத்த நோய் உள்ள நாய்க்கு இது சின்ன விஷயம் இல்லை.

சரி, அப்போ மார்போடு மாட்டுகிற பாடி பெல்ட் வாங்கிவிடலாமே? மகன் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தான். சிவப்புக் கலர், முதுகில் கொக்கி. பனிப்பிரதேசத்தில் சறுக்குவண்டி இழுக்கிற நாய்களுக்கு மாட்டுவதும் கிட்டத்தட்ட இதுதான். கழுத்து நோகாமல் மார்பை முட்டுக்கொடுத்து முழு பலத்தோடு இழுப்பதற்கென்றே அமைந்த சாதனம். பெரியவர் சறுக்குவண்டி ஆனதில் ஆச்சரியம் இல்லை. (கொக்கி மார்புப் பக்கம் வருகிற மாதிரியும் பாடி பெல்ட் உண்டு. அது பரவாயில்லை, கொஞ்சம் திருப்பிவிடும். 34 கிலோவுக்கும் அறுபத்தெட்டு வயசுக்கும் அது போதாது என்பது என் கட்சி.)

நான் வாங்கச் சொன்னது ஹெட் ஹால்ட்டர். கழுத்தில் ஒரு பட்டை, மூக்கின் மேல் ஒரு வளையம், தாடைக்குக் கீழே செயின் மாட்ட ஒரு கொக்கி. அவ்வளவுதான்.

இதன் தத்துவத்துக்குப் பெரிய சயின்ஸ் வேண்டாம். உங்கள் வீட்டுக் கதவைக் கீல் பக்கத்தில் கை வைத்துத் தள்ளிப் பாருங்கள். அசையாது. கைப்பிடிப் பக்கம் ஒரு விரல் போதும். நாயின் கழுத்தும் மார்பும் கீல் பக்கம். அங்கே பிடித்தால் 34 கிலோவோடும் நீங்கள் மல்லுக்கட்ட வேண்டும். மூக்கு, கைப்பிடி. மூக்கு திரும்பினால் தலை திரும்பும். தலை திரும்பினால் உடம்பு வேறு வழியில்லாமல் பின்னாலேயே வரும். குதிரையையும் மாட்டையும் மனுஷன் தலையைப் பிடித்துத்தான் பல நூற்றாண்டாக நடத்திக்கொண்டிருக்கிறான். நாய் விஷயத்தில்தான் ரொம்ப லேட். 1980-களில் அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்து கால்நடை மருத்துவர் ராபர்ட் ஆண்டர்சனும், ரூத் ஃபாஸ்டர் என்கிற நாய்ப் பயிற்சியாளரும் சேர்ந்து ஒரு மாடலை உருவாக்கினார்கள். அதுதான் ஜென்டில் லீடர். இங்கிலாந்தில் ரோஜர் மக்ஃபோர்ட் என்பவர் செய்தது ஹால்ட்டி. (ராணி எலிசபெத்தின் கார்கி நாய்கள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டபோது ஆலோசனைக்கு அழைக்கப்பட்டவர் இவர். அரண்மனையிலும் நாய்ச்சண்டை உண்டு என்பதில் நமக்கு ஓர் ஆறுதல்.)

பார்சல் வந்தது. பெரியவர் இடது கையால் அதைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மன்னார்குடிப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். சின்ன வயசில் வண்டி ஓட்டியிருக்கிறார்.

"இது மூக்கணாங்கயிறுல்ல?"

பாதி சரி. மூக்கணாங்கயிறு மூக்கைத் துளைத்துப் போகிறது. அதில் வலி இருக்கிறது. குதிரைக் கடிவாளத்தில் வாய்க்குள் இரும்பு போகிறது. இதில் துளையும் இல்லை, வாய்க்குள் எதுவும் போவதும் இல்லை. சும்மா மேலே உட்கார்ந்திருக்கிறது. நாய் இதைப் போட்டுக்கொண்டு கொட்டாவி விடலாம், தண்ணீர் குடிக்கலாம், பிஸ்கெட் தின்னலாம், குரைக்கலாம். கடிக்கவும் கடிக்கலாம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

மகன் அப்போதே மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராகிவிட்டான். ஷூகூடப் போட்டாயிற்று. நிறுத்தினேன். ஹால்ட்டர் வாங்குபவர்களில் பலர் அதை மூன்றாம் நாள் பரணில் போடுவதற்குக் காரணம் இந்த அவசரம்தான். திடீரென்று யாராவது வந்து உங்கள் மூக்கின் குறுக்கே ஒரு நாடாவைக் கட்டி, 'வா, பீச்சுக்குப் போகலாம்' என்றால் நீங்கள் பீச்சையா ரசிப்பீர்கள்? நாய் இரண்டு முன்னங்காலாலும் மூக்கைப் பிராண்டும். ரோட்டில் முகத்தைத் தேய்க்கும். கரணம் போடும். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று 'பாவம் சார்' என்பார்கள். வீட்டுக்கு வந்ததும் பரண்.

ஆகவே முதல் நாள் மாட்டவே இல்லை. மூக்கு வளையத்தை மகன் இடது கையில் விரித்துப் பிடித்துக்கொள்வான். வளையத்துக்கு அந்தப் பக்கம் வலது கையில் பிஸ்கெட் துண்டு. வேண்டுமென்றால் ப்ரூனோ தானே மூக்கை வளையத்துக்குள் விட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். இவன் வளையத்தை முகத்தின் மேல் கொண்டுபோகக் கூடாது. விதி அவ்வளவுதான். ப்ரூனோவுக்கு இது பிரமாதமான விளையாட்டாக இருந்தது. லாப்ரடார் அல்லவா! 2016-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒன்று கண்டுபிடித்தார்கள். லாப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு, பசியைக் கட்டுப்படுத்தும் ஒரு ஜீனில் ஒரு துண்டு இல்லையாம். 'போதும்' என்ற தகவல் மூளைக்குச் சரியாகப் போவதில்லை. ப்ரூனோ அந்த நாலில் ஒன்று என்று நான் எழுதிக் கொடுக்கத் தயார். ஒருநாள் முழுக்க அது வளையத்தைப் பார்த்தாலே ஓடிவந்து மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. (இந்த பிஸ்கெட் கணக்கை ராத்திரிச் சோற்றில் கழித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இழுக்காத நாய் கிடைக்கும், நடக்கவும் முடியாத நாயாக.)

மூன்றாம் நாள், மூக்கு உள்ளே இருக்கும்போதே ஒரு பிஸ்கெட்டுக்கு மூன்று பிஸ்கெட்டாக நிதானமாகக் கொடுத்து, உள்ளே இருக்கும் நேரத்தை நீட்டினோம். ஐந்தாம் நாள், ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் மாட்டி, சாப்பிட்டு முடித்ததும் கழற்றினோம். சாப்பாட்டு மும்முரத்தில் மூக்கில் என்ன இருக்கிறது என்று யோசிக்க அதற்கு நேரமில்லை. ஏழாம் நாள் ஹாலுக்குள் செயினோடு நடை. சோபாவிலிருந்து டி.வி. வரை, டி.வி.யிலிருந்து சோபா வரை. ஒரு தடவை உட்கார்ந்து பிராண்ட ஆரம்பித்தது. அப்போது கழற்றக் கூடாது. பிராண்டினால் கழன்றுவிடும் என்று கற்றுக்கொள்ளும். கவனத்தைத் திருப்பி நாலு அடி நடத்தி, சும்மா இருக்கிற நிமிஷம் பார்த்துக் கழற்ற வேண்டும். ஒன்பதாம் நாள்தான் தெருவுக்கு.

மாட்டுகிற விதத்தில் நம் ஜனங்கள் ஒரு தப்பு செய்வார்கள். பரிதாபப்பட்டுக் கழுத்துப் பட்டையைத் தொளதொளவென்று விடுவது, பயந்துகொண்டு மூக்கு வளையத்தை இறுக்குவது. நேர்மாறாக இருக்க வேண்டும். கழுத்துப் பட்டை வழக்கமான பெல்ட் மாதிரி கீழே தோளருகே தொங்காது. காதுக்குப் பின்னால், எவ்வளவு உயரத்தில் போக முடியுமோ அங்கே, கச்சிதமாக இருக்க வேண்டும். ஒரு விரல் நுழையலாம், அதற்கு மேல் கூடாது. மூக்கு வளையம் மட்டும் தாராளம். கண்ணுக்குக் கீழிருந்து முன்னால் அந்தக் கறுப்பு ஈரமூக்கு ஆரம்பிக்கிற இடம் வரை சறுக்கி வரலாம். தாண்டிக் கழன்றுவிடக் கூடாது. வளையம் மேலேறிக் கண்ணை உரசினால் சைஸ் தப்பு. சில மாடல்களில் அமைப்பு கொஞ்சம் வேறுபடும். கூடவே வருகிற தாளைப் படியுங்கள், பிஸ்கெட்டைச் சுற்றிக் கொடுத்துவிடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் கழற்றி, மூக்குத்தண்டில் முடி தேய்ந்திருக்கிறதா, சிவந்திருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். நம் ஊர் வியர்வைக்கும் ஈரத்துக்கும் நைலான் பட்டையைக் காயவைக்காமல் மாட்டினால் புண் வரும்.

தெருவில் முதல் நாள் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். நூறு அடி போவதற்குள் நாலு பேர் ஒதுங்கினார்கள். இஸ்திரி வண்டிக்காரர், "என்ன தம்பி, கடிக்க ஆரம்பிச்சிடுச்சா?" என்றார். வாட்ச்மேன், "வாய்க்கூடு போட்டாச்சா? நல்லது சார்" என்றார். முந்தின நாள் வரை ப்ரூனோவின் காதைப் பிடித்து விளையாடின குழந்தையை அதன் பாட்டி தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மூக்கில் பட்டை இருந்தால் கடிக்கிற நாய் என்பது பொதுஜன அபிப்பிராயம். மகனுக்கு அவமானமாகப் போய்விட்டது.

இதில் இரண்டு பக்கமும் ஆபத்து உண்டு. ஒன்று, சாதுவான நாய்க்குக் கெட்ட பேர். இன்னொன்று, கடிக்கிற நாயின் சொந்தக்காரர் இதை வாங்கி மாட்டிவிட்டு, 'வாய்ப்பூட்டு போட்டாச்சு' என்று நிம்மதியாக இருப்பது. முன்னே சொன்னேனே, இதைப் போட்டுக்கொண்டு நாய் தாராளமாகக் கடிக்கலாம். வாய்ப்பூட்டு கட்டாயம் என்கிற இடத்தில் இது செல்லாது. வாய்ப்பூட்டு போட வேண்டிய நாய் என்றால் கூண்டு மாதிரி இடைவெளி உள்ளதை வாங்குங்கள். வாயைச் சேர்த்து இறுக்குகிற துணிக்குழாயை மாட்டி, சென்னை வெயிலில் நடத்திப் போவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். நாய்க்கு உடம்புச் சூடு தணிய முக்கியமான வழி வாயைத் திறந்து இளைப்பதுதான். அதை மூடினால் உயிருக்கே உலை.

இரண்டாம் நாள் தெருவில் மகன் ஒரு வேலை செய்தான். ஜிம்முக்குப் போகிற பையன், புஜம் தொடை மாதிரி இருக்கும். ப்ரூனோ முன்னே போனதும் செயினை வெடுக்கென்று சுண்டினான். பின்னாலேயே வந்துகொண்டிருந்த பெரியவர் நடுத்தெருவில் கத்தினார்.

"டேய்! மாட்டை அப்படியாடா இழுப்ப? கழுத்து என்னத்துக்கு ஆவறது?"

"அது இழுக்குதேப்பா..."

"இழுக்கட்டும். நீ நில்லு. கயித்தைக் கெட்டியாப் புடி, சுண்டாத. அது தானாத் திரும்பும். திரும்பின உடனே விட்டுடு. தொய்வு குடுத்தாதான் மாடு கூட வரும். இது நாய்தானே, இதுவும் வரும்."

நான் ஒரு வாரமாக ஆங்கிலப் பெயர்களோடு விளக்க முயன்றதை அவர் முப்பது விநாடியில் முடித்துவிட்டார். அதேதான் விஷயம். செயின் ஊஞ்சல் கயிறு மாதிரி கீழே தொய்ந்து தொங்க வேண்டும். நாய் முன்னே போனால் நீங்கள் நிற்க வேண்டும். அதன் தலை பக்கவாட்டில் உங்களைப் பார்த்துத் திரும்பும். செயின் தளர்ந்த அந்தக் கணமே நடையைத் தொடர வேண்டும், கூடவே ஒரு 'சபாஷ்'. சுண்டவே கூடாது. தலை ஒரு பக்கம் திரும்பி, உடம்பு இன்னொரு பக்கம் வேகத்தில் போனால் கழுத்து எலும்புக்கு என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

இதனால்தான் இதை நீளச் செயினோடு மாட்டக் கூடாது. டேப் மாதிரி உள்ளே சுருண்டுகொள்கிற செயினோடு கண்டிப்பாகக் கூடாது. பதினைந்து அடி ஓடி வேகமெடுத்த நாய் முனையில் 'டக்'கென்று நின்றால் முழு வேகமும் கழுத்தில் இறங்கும். ஹால்ட்டரோடு கடை வாசலில் கட்டிவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். வீட்டில் நாள் முழுக்க மாட்டியும் வைக்காதீர்கள். கழுத்து எலும்புத் தொல்லை உள்ள நாய் என்றால் டாக்டரைக் கேட்காமல் மாட்டவே வேண்டாம். ஸ்கூட்டரில் உட்கார்ந்துகொண்டு செயினைப் பிடித்தபடி நாயை ஓடவிடுகிறவர்களுக்கு நான் சொல்வது ஹால்ட்டரைப் பற்றி அல்ல. அவர்கள் கையில் எந்தச் செயினுமே இருக்கக் கூடாது.

எல்லா நாய்க்கும் இது சரிப்படாது. 2003-ல் ஹட்ச் விளம்பரம் வந்தபிறகு தெருவுக்குத் தெரு வந்து சேர்ந்ததே பக், அதற்கு வளையம் மாட்ட மூக்கே கிடையாது. ஷிட்ஸு, புல்டாக் எல்லாம் அந்த ஜாதி. அவற்றுக்குப் பாடி பெல்ட்தான். நம்மூர் சிப்பிப்பாறைக்கு மூக்கு நீளம், மாட்டலாம். ஆனால் அதன் தலைக்கும் கழுத்துக்கும் அகலத்தில் பெரிய வித்தியாசம் இல்லாததால் பின்னோக்கி நழுவிவிடும். முயல் துரத்தப் பிறந்த நாய், பாய்ச்சல் எடுத்தால் நொடியில் முழு வேகம். அதற்கு ஹால்ட்டர் நான் சிபாரிசு செய்யமாட்டேன். எந்த நாயானாலும் பழைய பெல்ட்டையும் கழுத்தில் விட்டு, ஒரு சின்னக் கொக்கியால் இரண்டையும் இணைத்துவிடுங்கள். ஒன்று கழன்றாலும் மற்றது பிடிக்கும்.

'நாய்க்குக் கஷ்டமாக இருக்காதா?' என்று இரண்டாவது மாடி மாமி கேட்டார். நியாயமான கேள்வி. 1998-ல் விலங்கு நடத்தை ஆய்விதழ் ஒன்றில் வந்த சோதனையில் சாதாரணக் கழுத்துப் பட்டை மாட்டிய நாய்களையும் ஹால்ட்டர் மாட்டிய நாய்களையும் ஒப்பிட்டார்கள். ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு போன்ற பதற்ற அறிகுறிகளில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஆனால் ஹால்ட்டர் மாட்டியவை மூக்கை அதிகம் பிராண்டின. அதாவது முதலில் பிடிக்கவில்லை, உபத்திரவம் பெரிதாக இல்லை. ஆபீசில் டை கட்டுகிறவர்களுக்குப் புரியும்.

மாவுக்கட்டு பிரித்தார்கள். எலும்பு கூடிவிட்டது, ஆனால் இன்னும் ஒரு மாசம் அந்தக் கையால் பளு கூடாது என்றார் டாக்டர். மகனுக்கு அன்று பார்த்து நைட் ஷிஃப்ட் நீண்டுவிட்டது. மறுநாள் காலை நிபந்தனைப்படி பரீட்சை. நான் கீழே காத்திருந்தேன். லிஃப்ட் திறந்தது. வெளியே வந்தது ப்ரூனோ. செயினைப் பிடித்திருந்தவர் அம்மா. ஐம்பது கிலோ இருப்பார், அதில் பாதி கோபம். பெரியவர் இரண்டடி பின்னால், பரீட்சை ஹாலுக்கு வெளியே நிற்கிற பெற்றோர் முகத்தோடு.

ரேஷன் கடை முனை வரை ஒன்றும் நடக்கவில்லை. செயின் தொய்ந்தே இருந்தது. முனையில் மதில் மேல் அதே பூனை. பூனைகளுக்கு இம்மாதிரி நேரங்கள் எப்படியோ தெரிந்துவிடுகின்றன. குதித்துக் குறுக்கே போயிற்று.

ப்ரூனோ பாய்ந்தது. பாதிப் பாய்ச்சலில் மூக்கு திரும்பியது. மூக்கின் பின்னால் தலை, தலையின் பின்னால் உடம்பு. அரைவட்டம் அடித்து அம்மாவுக்கு எதிரே வந்து நின்றது. பூனையைத் துரத்தின நாய், பூனை இருக்க வேண்டிய இடத்தில் எஜமானியம்மா நிற்பதைப் பார்த்து விழித்தது. அம்மாவும் விழித்தார். புடவை மடிப்புகூடக் கலையவில்லை. "என்னடா?" என்றார் அதனிடம். ப்ரூனோ வாலை ஆட்டியது. அதற்குள் பூனை ரேஷன் கடைக்குள் போய்விட்டது.

அதற்குப் பிறகு இரண்டு மாசமாயிற்று. ஹால்ட்டரைக் கழற்றிவிட்டால் ப்ரூனோ இன்னும் கொஞ்சம் இழுக்கிறது. மந்திரம் ஒன்றும் நடந்துவிடவில்லை. மூக்கில் பட்டை இருந்தால் ஒரு நடை, இல்லாவிட்டால் ஒரு நடை என்று அதுவே பிரித்து வைத்துக்கொள்ளும். இப்போது இரண்டு கொக்கிகளிலும் இரண்டு செயின் மாட்டி, பெல்ட் செயினிலேயே பெரும்பாலும் நடத்தி, மூக்குச் செயினை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளப் பெரியவர் பழக்கிக்கொண்டிருக்கிறார். ஒழுங்காகப் பக்கத்தில் நடந்தால் பத்தடிக்கு ஒரு பொரிகடலை. லாம்ப் போஸ்ட் வந்தால் நின்று பேப்பர் படிக்க முழு அனுமதி. மூன்று வருஷமாக 'ஹீல்! ஹீல்!' என்று இங்கிலீஷில் அதட்டிக்கொண்டிருந்தவர் இப்போது 'மெதுவா' என்கிறார். இரண்டு மொழியும் ப்ரூனோவுக்கு ஒன்றுதான். பெரியவருக்குத் தமிழில் சொன்னால் மூச்சு வாங்குவதில்லை.

போன வாரம் ஃபார்ம் ஹவுஸ்காரர் போன் பண்ணினாராம். "நாயை எப்ப சார் அனுப்பறீங்க?"

அம்மாதான் எடுத்திருக்கிறார். "அது வாக்கிங் போயிருக்கு. வந்ததும் கேட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.